மிதந்த தொட்டி

முருகன் துணை

ஹொரமாவு
12-12-2024, வியாழன்

அன்புள்ள ஜூலியாவுக்கு,

ரத்தினம்மாள் எழுதுவது. பதினான்கு வருஷம் அடுத்த வீட்டில் இருந்துவிட்டு இப்போது தபால் போடுகிறாளே என்று உனக்குச் சிரிப்பு வரும். நாலு தரம் போன் செய்தேன். நாலு தரமும் ரூபினிதான் எடுத்தாள். அவள் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால் வரும் என்று தோன்றியது. நான் அஞ்சாவதோடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

ரூபினிக்குக் கண்ணில் மஞ்சள் இறங்கிவிட்டதா? ஆஸ்பத்திரியிலிருந்து நேராக லிங்கராஜபுரத்துக்கு, உன் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனது நல்லது. எண்ணெயில் பொரித்தது எதுவும் கொஞ்ச நாள் வேண்டாம். அவள் கேட்டாலும் கொடுக்காதே.

இங்கே வெள்ளம் வடிந்து நாற்பத்தெட்டு நாள் ஆகிறது. சுவரில் இடுப்பளவுக்கு இருக்கும் கோடு இரண்டு தரம் சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. உன் செடிகளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விடுகிறேன். கறிவேப்பிலை பிழைத்துக்கொண்டது. தரைக்குக் கீழே உன் சம்ப் தொட்டி காலியாக, மூடி திறந்து காய்கிறது. ஜூலியா, நீ எப்போது வந்தாலும் அதில் லாரித் தண்ணீர் நிரப்ப வேண்டாம். எல்லாவற்றுக்கும் கேன் தண்ணீரே இருக்கட்டும்.

போன ஞாயிறு நீ இங்கே வந்து கோவிந்தப்பாவைப் பேசியதை நான் ஹால் ஜன்னலிலிருந்து கேட்டேன். பெற்ற வயிறு, பேசத்தான் செய்யும். திங்கட்கிழமையே நம் லேஅவுட் சங்கத்துக்காரர்கள் கேட்டில் காகிதம் ஒட்டிவிட்டார்கள், தொட்டி வேலை, சம்ப் வேலை எதற்கும் அவரைக் கூப்பிடக்கூடாது என்று. வெள்ளத்துக்குப் பிறகு நம் நாற்பது வீட்டுத் தொட்டிகளையும் ஒன்றொன்றாகப் பார்த்துக் கொடுத்தவர் அவர்தான். எனக்கு மனசு ஒரு மாதிரி இருக்கிறது. இன்னும் கொஞ்சம் விசாரித்திருக்கலாமோ.

வேறு ஒன்றும் விசேஷமில்லை. எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. அது வரவில்லை.

அன்புடன்,
ரத்தினம்மாள்


லிங்கராஜபுரம்
17 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதத்தை ரூபினிதான் பிரித்தாள். ஆன்ட்டி கையெழுத்து பால் கணக்கு நோட்டு மாதிரியே இருக்கு என்று சிரித்தாள். மூன்று வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு, அதற்காகவே உங்களுக்குப் பதில் போட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

கண்ணில் மஞ்சள் குறைந்திருக்கிறது. ஏழு கிலோ போய்விட்டது அக்கா. மாடிப்படி ஏறினால் நாலாவது படியில் உட்கார்ந்துவிடுகிறாள். மார்ச் ஒன்றாம் தேதி பி.யூ.சி. பரீட்சை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறாள். அவள் அப்பா மஸ்கட்டிலிருந்து தினமும் வீடியோவில் வந்து அவளைப் பார்த்து அழுகிறார், நான் இரண்டு பேரையும் தேற்றுகிறேன்.

நீங்கள் அந்தக் கோவிந்தப்பாவுக்காகப் பரிந்து எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன். அக்டோபர் 27ஆம் தேதி என் சம்ப்பைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, இனி ஒண்ணும் பயமில்லம்மா என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர். அதை நம்பித்தான் நான் தண்ணீர் நிரப்பினேன். குடிக்கக் கேன் தண்ணீர்தான். ஆனால் பல் தேய்க்க, காய் கழுவ, தட்டு கழுவ எல்லாம் சம்ப் தண்ணீர். இந்தத் தண்ணியில பல் தேய்க்கலாமாம்மா என்று அவள் ஒரு நாள் கேட்டாள். தேய், ஒன்றும் ஆகாது என்று சொன்னது நான். இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அவரைத் திட்டினேன், வருத்தமில்லை. திட்டாமல் இருந்தால் அந்தக் கோபமெல்லாம் என் பக்கமே திரும்பிவிடும்.

நான் ஆஸ்பத்திரியில் ஜெபம் பண்ணக்கூட வாய் வராமல் உட்கார்ந்திருந்தபோது நீங்கள் ரசம் சாதம் கொண்டுவந்தீர்கள், நர்ஸிடம் சண்டை போட்டு ஜன்னல் பக்கத்துப் படுக்கை வாங்கிக் கொடுத்தீர்கள். உங்களைப் போல ஒரு பக்கத்து வீடு யாருக்குக் கிடைக்கும் என்று என் அக்கா கூடச் சொன்னாள்.

ஒன்று கேட்க வேண்டும். சம்ப்பில் தண்ணீர் விடாதே என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன்? நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதில் பாதி தண்ணீர் இருந்ததே, காலி செய்தது யார்?

ஜூலியா


முருகன் துணை

ஹொரமாவு
22-12-2024, ஞாயிறு

அன்புள்ள ஜூலியாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன்.

நேற்று காலை சந்திரம்மா வந்தாள், கோவிந்தப்பாவின் மனைவி. கேட்டுக்கு வெளியே நின்றாள். நம் சங்கம் ஒட்டிய காகிதத்தை யாரோ படம் பிடித்து வாட்ஸாப்பில் போட, பக்கத்து லேஅவுட்காரர்களும் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்களாம். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாராம். அவள் அழவில்லை. உங்க வீட்டுக்கு பத்து வருஷமா வராரு, அவர் எப்படி வேலை செய்வாருன்னு உங்களுக்குத் தெரியும், நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க, என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? காபி கொண்டுவந்து கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கும்வரை வெங்காய விலையைப் பற்றிப் பேசினேன். பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். சம்ப்பைக் காலி செய்தது நான். நீ விட்டுப்போன சாவியில் திறந்து பார்த்தேன், வாடை வந்தது, அதனால் மோட்டார் போட்டு வெளியேற்றிக் கழுவினேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். ஐப்பசியில் நாங்கள் வேறு லாரி கூப்பிட்டு எங்கள் செப்டிக் தொட்டியைக் காலி செய்தோம். கோவிந்தப்பா கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லியிருந்தார். நாங்கள் பொறுக்கவில்லை. அதனால் உன் பக்கம் ஏதாவது ஆகியிருக்குமோ என்று எனக்கு ஒரு எண்ணம். அப்படியெல்லாம் ஆகாது, நீயாகக் கிளப்பிவிடாதே என்கிறார் எங்க வீட்டுக்காரர். அவருக்கு இதெல்லாம் தெரியும், ஐ.டி.ஐ. படித்தவர்.

உன் பண்டிகை நல்லபடியாக நடக்கட்டும். ரூபினிக்கு என் ஆசி.

ரத்தினம்மாள்


லிங்கராஜபுரம்
26 டிசம்பர் 2024

அக்கா,

சர்ச்சுக்குப் போகவில்லை. ரூபினியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் உங்கள் கடிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு மூன்று விஷயம் வேண்டும். லாரி எந்தத் தேதி வந்தது? பால்காரர் எத்தனை மணிக்கு வந்தார் என்றுகூட எழுதி வைக்கிறவர் நீங்கள், ஐப்பசியில் என்று எழுதுகிறீர்கள். என் சம்ப்பை எந்தத் தேதி திறந்தீர்கள்? வாடை வந்தது என்றீர்களே, மழைத் தண்ணீர் வாடையா, வேறு வாடையா?

அண்ணனைக் கேட்டு எழுத வேண்டாம். நீங்களே எழுதுங்கள்.

ஜூலியா


முருகன் துணை

ஹொரமாவு
2-1-2025, வியாழன்

ஜூலியா,

எல்லாம் எழுதுகிறேன். நடுவில் நிறுத்திவிட்டால் மறுபடி எழுத மாட்டேன், ஆகையால் ஒரே மூச்சில் எழுதி இன்றே பெட்டியில் போடப்போகிறேன்.

அக்டோபர் 26 சனிக்கிழமை கோவிந்தப்பா எங்கள் தொட்டியைப் பார்க்க வந்தார். துணி சுற்றிய மூங்கிலை உள்ளே இறக்கி, அடியில் சேறு எவ்வளவு, மேலே தண்ணீர் எவ்வளவு என்று பார்த்தார். பிறகு கடப்பாரையால் செம்பருத்திச் செடி ஓரம் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டினார். தோண்டிய கையோடு அதில் தண்ணீர் ஊறி நின்றது.

“நோடிம்மா,” என்று காட்டினார். “நிலம் இன்னும் குடிச்சு முடிக்கல. உங்களது பிளாஸ்டிக் தொட்டி. உள்ள பாரம் இருக்கற வரைக்கும்தான் கீழ உக்காந்திருக்கும். இப்ப காலி பண்ணீங்கன்னா சுத்தி இருக்கற தண்ணி அதைப் படகு மாதிரி மேல தூக்கிடும், குழாய் எல்லாம் பிச்சுக்கும். குழியில தண்ணி நிக்காத நாள் வரட்டும், ஒரு பதினஞ்சு நாள். அதுவரைக்கும் பேடா, தொடாதீங்க.”

அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

நவம்பர் 2 சஷ்டி விரதம் தொடக்கம். இருபத்திரண்டு வருஷமாக ஆறு நாளும் தவறாமல் இருக்கிறேன், நீ அறிவாய். அந்த வெள்ளத்தில் கக்கூஸ் பொங்கி ஹாலுக்கு வந்தது, பூஜை அறை வாசற்படி வரைக்கும் வந்தது. எத்தனையோ தரம் கழுவியும் எனக்கு வீடு சுத்தமான மாதிரி இல்லை. ஊர் அழுக்கெல்லாம் எங்கள் வாசல் தொட்டியில் அப்படியே நிற்கிறது, அதற்குப் பன்னிரண்டடி தள்ளி வேலுக்குப் பால் ஊற்றுவதா என்று இருந்தது. இன்னொன்றும் நினைத்தேன். மலக்குழி பார்க்கிறவர் சொல்லி நான் விரதத்துக்கு வீட்டைச் சுத்தம் செய்யாமல் இருப்பதா என்று. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன்.

அக்டோபர் 29 செவ்வாய்க்கிழமை, நீ உன் அக்கா வீட்டில் இருந்தாய். காலை பத்தரைக்கு வேறு லாரி வந்தது. அடி வரைக்கும் இழுங்கள், சொட்டு இருக்கக்கூடாது என்று நானே பக்கத்தில் நின்று சொன்னேன். மறுநாள் காலை தொட்டி மூடி தரையைவிட ஒரு சாண் மேலே, சாய்ந்து இருந்தது. மண் இறங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கக்கூஸில் தண்ணீர் அதற்குப் பிறகு முன்னைவிட நன்றாகப் போயிற்று. முருகன் அருள் என்று நினைத்தேன். தொட்டி எழும்பியதில் குழாய் பிய்ந்து எல்லாம் மண்ணுக்குள் போனதால்தான் அவ்வளவு சுலபமாகப் போயிருக்கிறது. அதற்கு ஆறடி தள்ளி உன் சம்ப்.

நவம்பர் 3 நீ திரும்பி வந்தாய். 10ஆம் தேதி எங்கள் மாடியில் குடியிருக்கும் சஞ்சய்க்குக் காமாலை என்று சேலத்துக்குப் போனான். அவனுக்கு நானே ஆரஞ்சு வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அவன் நோய் எங்கள் தொட்டி வழியாக எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. 22ஆம் தேதி ரூபினி படுத்தாள்.

அவளை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த அன்றுதான் முதல் முறையாக யோசித்தேன். கசிவு இருக்கிறதா பார்க்க கோவிந்தப்பா எல்லா வீட்டுக்கும் ஒரு பொட்டலம் பச்சைப் பொடி கொடுத்திருந்தார். டிசம்பர் 1 ஞாயிறு அதை எங்கள் கக்கூஸில் கொட்டி ரெண்டு வாளி தண்ணீர் விட்டேன். திங்கள் பூஜை முடித்து, உன் சாவியை எடுத்துக்கொண்டு வந்து சம்ப்பைத் திறந்தேன். தண்ணீர் வாழைக்குருத்து நிறத்தில் இருந்தது.

உன்னிடம் ஓடி வந்து சொல்லியிருக்க வேண்டும். நான் மோட்டார் போட்டேன். எல்லாவற்றையும் சாக்கடைக்கு விட்டு, உள்ளே இறங்கி, பச்சை போகும்வரை பிரஷ் போட்டுத் தேய்த்தேன். அந்த லாரிக்காரரையே கூப்பிட்டுக் குழாயை ஒட்டவைத்து மண் மூடினேன். 4ஆம் தேதி சங்கச் செயலாளர் ஸ்ரீஹர்ஷா கோவிந்தப்பாவைக் கூட்டிக்கொண்டு உன் சம்ப்பைப் பார்க்க வந்தபோது அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. கோவிந்தப்பா உள்சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எங்கள் வாசலைப் பார்த்தார். தன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

8ஆம் தேதி தெருவே கூடி நிற்க நீ அவரைப் பேசினாய். நான் ஜன்னல் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரையை விட்டுவிட்டு வெளியே வர எனக்குப் பத்து அடிதான்.

உன் பிள்ளையின் நோய் என்னால் வந்தது. நீ பல் தேய்க்கச் சொன்னதால் இல்லை.

ரத்தினம்மாள்


லிங்கராஜபுரம்
18 ஜனவரி 2025

உங்களை எப்படிக் கூப்பிட்டு எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் கூப்பிடாமலே எழுதுகிறேன்.

இரண்டு வாரம் உங்கள் கடிதத்தைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். ரூபினிக்குத் தெரியாது. ஆன்ட்டிக்குப் பதில் போட்டியா என்று கேட்கிறாள்.

தொட்டி எழும்பும் என்று அவர் சொல்லியும் செய்தீர்கள். அதை ஒரு நாள் என்னால் பொறுத்துக்கொள்ள முடியலாம். விரதம், சுத்தம் என்று உங்களுக்கு ஒரு பிடிவாதம், எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் சாவியை வைத்துக்கொண்டு என் வீட்டுச் சம்ப்பில் இறங்கித் தேய்த்தீர்களே, அது தெரிந்து செய்தது. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். அன்றும் ரசம் கொண்டுவந்தீர்கள். நான் குடித்தேன். எந்தத் தண்ணீர் என்று டாக்டர் மறுபடி கேட்டபோது நீங்கள் என் பக்கத்தில் நின்று என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தீர்கள்.

இவ்வளவு எழுதிவிட்டேன், இனிமேல் என்னைப் பற்றி.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவரிடம் என்ன சொன்னேன் என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். பாதிதான் கேட்டிருக்கும். சத்தமாகச் சொன்னது, உன் வீட்டுத் தண்ணியா இருந்தா இப்படிக் கழுவியிருப்பியா என்பது. அவர் போகத் திரும்பும்போது இன்னொன்று சொன்னேன். “உங்க ஆளுங்களுக்கு சுத்தம்னா என்னன்னு தெரியுமா?”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். அதைக் கேட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறும் காலோடு கேட் வரைக்கும் நடந்தார்.

என் அப்பா கண்டோன்மென்ட் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் என்ன வேலை பார்த்தார் என்று உங்களிடம் நான் சொன்னதில்லை. பதினான்கு வருஷத்தில் நீங்கள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. வார்டு கக்கூஸ் கழுவினார். முப்பத்தோரு வருஷம். அந்தச் சம்பளத்தில் படித்த வாய்தான் இதைச் சொல்லியது. நீங்கள் பச்சைத் தண்ணீரை மறைத்தீர்கள், நான் எதையும் விசாரிக்காமல் கையில் கிடைத்தவரைப் பிடித்து அடித்தேன். எது பெரியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உங்கள் மேல் முழுசாகக் கோபப்படவும் முடியாமல் இருக்கிறேன், அதற்கும் உங்கள் மேல்தான் கோபம் வருகிறது.

பிப்ரவரி 2 ஞாயிறு சங்கக் கூட்டம். அங்கே போய்ச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். எழுந்து நின்று, எல்லார் முகத்தையும் பார்த்துச் சொல்லுங்கள். அந்தக் காகிதம் கேட்டிலிருந்து இறங்க வேண்டும், வாட்ஸாப்பில் போனது போன எல்லா இடத்துக்கும் மறுப்பும் போக வேண்டும். ஜூலியா விசாரிக்காமல் பேசிவிட்டாள் என்று என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அவருடைய பெயர் திரும்பும்வரை எனக்கு வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ஜூலியா


முருகன் துணை

ஹொரமாவு
11-2-2025, செவ்வாய்

ஜூலியா,

இன்று தைப்பூசம். கோவிலுக்குப் போகவில்லை. வீட்டில் வேலை நடக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு முப்பத்தாறு பேர் வந்திருந்தார்கள். தெருவிளக்கு, நாய்த் தொல்லை எல்லாம் முடிந்த பிறகு நான் எழுந்தேன். கைக்குப் பிடிக்க முன் நாற்காலியின் முதுகு கிடைத்தது. தேதிகளை மட்டும் வரிசையாகச் சொன்னேன், உனக்கு எழுதியது போலவே. தமிழில் பாதி, கன்னடத்தில் பாதி. நான் பேசப் பேச ஸ்ரீஹர்ஷா வாட்சைப் பார்த்தார். ஆன்ட்டி, இதை நாம தனியா பேசிக்கலாமே என்றார். தனியாகப் பேசித்தான் இவ்வளவு ஆயிற்று என்றேன். எதிரே எல்லாம் தெரிந்த முகங்கள், ஒன்றுகூட என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எங்க வீட்டுக்காரர் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தார். முடிந்து திரும்பினால் கடைசியில் நின்றுகொண்டிருக்கிறார்.

காகிதத்தை வாட்ச்மேன் அன்றே கிழித்துவிட்டார். குரூப்பில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் போட்டார்கள். பக்கத்து லேஅவுட் செயலாளர் வெங்கடராமனிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன்.

உன் பெயரை நான் கூட்டத்தில் சொல்லவில்லை. நீ சொல்லச் சொன்னாய், எனக்கு அது என் வாயால் சொல்ல வேண்டியதாகத் தோன்றவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ரெண்டு பஸ் மாறி ஒக்கலிபுரத்துக்கு, கோவிந்தப்பா வீட்டுக்குப் போனேன். சந்திரம்மா உள்ளே வா என்று சொல்லவில்லை. கோவிந்தப்பா ஒரு ஸ்டூலை வெளியே கொண்டுவந்து போட்டார், தான் நின்றுகொண்டார். நான் சொல்லி முடித்ததும் அவர் ஆச்சரியப்படவில்லை.

“சம்ப் சுவத்துல ஈரம் வந்த பக்கத்தைப் பாத்தப்பவே தெரியும்மா,” என்றார். “உங்க மூடியும் எழும்பி இருந்துச்சு. நான் சொன்னா யாரு நம்புவாங்க? தப்பிக்கறதுக்கு உங்க மேல போடறேன்னு சொல்லுவாங்க. நீங்க ஜன்னல்ல நின்னீங்க, நானும் பாத்தேன். அம்மா சொல்லுவாங்கன்னு நெனச்சேன். தினமும் நெனச்சேன்.”

நான் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர்தான் பஸ் நேரம் ஆகிறது என்று சொன்னார்.

தொட்டியை வேறு யாரையாவது வைத்துப் பாருங்கள் என்று சொல்வார் என்று நினைத்தேன். சனிக்கிழமை வந்துவிட்டார். முதலில் அதே மாதிரி ஒரு குழி தோண்டி ஒரு மணி நேரம் காத்திருந்தார். தண்ணீர் ஊறவில்லை. பிறகுதான் மண்ணை எடுக்க ஆள் விட்டார். தொட்டி உன் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. லாரிக்காரர் ஒட்டிய குழாய் ஒட்டவே இல்லை. நான் மறைத்துவிட்டதாக நினைத்ததும் மறையவில்லை, ஜூலியா, இரண்டு மாதமாக ஒழுகிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. உன் சம்ப் சுவரின் வெளிப்பக்கத்தில் விரல் நுழையும் விரிசல்.

இந்த இடத்தில் மறுபடி தொட்டி வைக்கக்கூடாது என்றார். டேப்பைப் பிடித்து வாசல் முழுக்க அளந்தார். உன் சம்ப்புக்கு அதிக தூரமுள்ள இடம் ஒன்றே ஒன்றுதான், இருபத்தாறு அடி. எங்கள் ஈசான மூலை. வடகிழக்கில் மலக்குழி வைத்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். இந்த வீடு கட்டும்போது அந்த மூலைக்காகத்தான் மேஸ்திரியிடம் மூன்று நாள் சண்டை போட்டுத் தொட்டியை வடமேற்குக்கு, உன் பக்கத்துக்கு, தள்ளினேன். துளசி அங்கேதான் இருக்கிறது. உங்க ஆளுங்க இந்த மூலையில வைக்கமாட்டீங்களேம்மா என்று கோவிந்தப்பாவே இரண்டு தரம் கேட்டார். எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

வையுங்கள் என்றேன். துளசியை நானே தூக்கி மாடிக்குக் கொண்டுபோனேன். நேற்றிலிருந்து செங்கல் கட்டு எழும்புகிறது. அடியில் கான்கிரீட், இனி எந்த வெள்ளத்திலும் எழும்பாது என்கிறார். உன் சம்ப் சுவரையும் அவரே உடைத்துப் பூசித் தருகிறார்.

நான் அவருக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கித் திண்டில் வைத்தார். தன் பையிலிருந்த பாட்டிலை எடுத்து அதிலிருந்து தண்ணீர் குடித்தார். காபி ஆறி ஏடு படிந்தது. பத்து வருஷமாக நான் அவருக்குக் கேட்டுக்கு வெளியே பாட்டிலில்தான் தண்ணீர் கொடுத்தேன், அதற்கு இப்போது அவரை என்ன சொல்ல முடியும்?

உன் பதிலை எதிர்பார்த்து எழுதவில்லை.

ரத்தினம்மாள்


லிங்கராஜபுரம்
23 பிப்ரவரி 2025

அக்கா,

ரூபினியிடம் சொல்லிவிட்டேன். புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு, ஆன்ட்டி உள்ள இறங்கித் தேய்ச்சாங்களே, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையா என்று கேட்டாள். பரீட்சை முடிந்துதான் வீட்டுக்கு வருவோம். ஹால் டிக்கெட் வந்துவிட்டது. இப்போது பத்துப் படி ஏறுகிறாள்.

நேற்று நான் ஒக்கலிபுரத்துக்குப் போனேன். எனக்கும் அதே ஸ்டூல்தான் என்று நினைக்கிறேன். போகும் வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மன்னிச்சிடுங்க என்று மட்டும் வந்தது. அவர் முதலில் மகளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். சாப்பிடுகிறாளா, நடக்கிறாளா என்று விசாரித்தார். அப்புறம் சொன்னார்.

“திட்டினது கூட்டத்துலம்மா. மன்னிப்பு கேக்க மட்டும் தனியா வந்திருக்கீங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. தொட்டியில் எவ்வளவு சேறு இருக்கிறது என்று சொல்வாரே, அந்த மாதிரி சொன்னார். என் அப்பாவும் இப்படித்தான் பேசுவார்.

மார்ச் 2 ஞாயிறு சங்கக் கூட்டத்தில் நானும் நிற்கப்போகிறேன். ஸ்ரீஹர்ஷாவிடம் சொல்லிவிட்டேன். கோவிந்தப்பாவையும் சந்திரம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் வந்தாலும் வராவிட்டாலும் நான் அவரிடம் சொன்ன அந்த வார்த்தையை அங்கே மறுபடி சொல்வேன், அது யார் வேலையைப் பார்த்து வளர்ந்தவள் சொன்ன வார்த்தை என்பதையும் சொல்வேன்.

நீங்கள் வர வேண்டும். முன் வரிசையில் உட்காருங்கள், நான் எழுந்ததும் தலையைக் குனிந்துகொள்ளாமல் என்னைப் பாருங்கள். நான் உங்களை மன்னித்துவிட்டதாக இதற்கு அர்த்தமில்லை, அது எனக்கு இன்னும் வரவில்லை, வரும்போது சொல்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும், அது தெரிந்தவர் எனக்கு அங்கே வேறு யாரும் இல்லை.

கூட்டம் பத்து மணிக்கு.

ஜூலியா